லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன திங்கட்கிழமை: மேக்கப் போடும் பெண்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறீர்கள்?

தஞ்சாவூர்_தட்டு

வயது 37, இரண்டு பிள்ளைகள், கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. கல்யாணத்தன்று தவிர என் முகத்தில் ஏறியதெல்லாம் பவுடரும் கண்மையும்தான். போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த தங்கை ஒரு லிப்ஸ்டிக் கொடுத்துவிட்டுப் போனாள், செங்கல் நிறம், பளபளப்பு இல்லாதது. மூன்று வாரம் பீரோவில் கிடந்தது. இந்தத் திங்கட்கிழமை என்னவோ தோன்றி, போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் அத்தை (கணவரின் அம்மா) "என்ன விசேஷம்?" என்றார். கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே "ஏதோ மாதிரி இருக்கு" என்றார். எந்த மாதிரி என்று கேட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஆபீஸில் ஒருவர் "மேடம் இன்னிக்கு யாரையோ எதிர்பார்க்கிறாங்க போல" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மதியம் டிபன் பாக்ஸ் கழுவும்போது புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதிலிருந்து என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, தலைப்பில் கறை வேறு போகவில்லை.

இதே அத்தை, வெள்ளிக்கிழமை நான் மஞ்சள் பூசாமல் குளித்துவிட்டு வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். பொட்டு சின்னதாக இருந்தால் "இன்னும் கொஞ்சம் பெரிசா வை" என்பார். மஞ்சள் சரி, சிவப்பு நெற்றியில் இருந்தால் சரி, அதே சிவப்பு நாலு அங்குலம் கீழே இறங்கினால் மட்டும் விசேஷம் கேட்கிறார்கள்.

நேராகவே கேட்கிறேன். மேக்கப் போட்ட பெண்ணைப் பார்த்ததும் உங்கள் மனதில் முதலில் என்ன ஓடுகிறது? ஆண்களும் சொல்லலாம். எனக்காக இதமாக எழுத வேண்டாம்.

வெறும்முகம்

இதமாக வேண்டாம் என்று சொன்னதால் சொல்கிறேன். எனக்குப் பிடிக்காது. அரை இஞ்சுக்கு அப்பிக்கொண்டு வரும் பெண்களைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம், போட்டோவில் ஒரு முகம், நேரில் ஒரு முகம். என் மனைவி குளித்துவிட்டு வெறும் முகத்தோடு வந்து நிற்பாள் பாருங்கள், அதுதான் அழகு. இந்த லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன் எல்லாம் கம்பெனிக்காரன் நம் தலையில் கட்டியது. நம் பாட்டிகள் என்ன போட்டார்கள்? யாரும் கோபப்பட வேண்டாம், கேட்டதற்குச் சொன்னேன்.

பாட்டி_1957

நான் பாட்டிதான், என்ன போட்டோம் என்று நானே சொல்கிறேன் தம்பி.

காலையில் பூசுமஞ்சள், கல்லில் உரசி முகம், கழுத்து, கை, பாதம். நெற்றிக்குச் சாந்து, அதை வீட்டில் காய்ச்சுவோம். கண்ணுக்கு மை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணித் திரியை நனைத்து நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்போம். வெற்றிலை போட்டு உதட்டைச் சிவக்க வைத்துக்கொண்டு கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்போம். கைக்கு மருதாணி. எங்கள் அம்மா காலத்திலேயே "ஸ்னோ" என்று வெள்ளைக் களிம்பு ஒன்று வந்துவிட்டது, அதைத் தடவி மேலே பவுடர் போட்டால்தான் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதாக அர்த்தம். இத்தனையும் போட்டுக்கொண்டு நாங்கள் "இயற்கையாக" இருந்தோம்.

தமிழ் வாத்தியாராக முப்பது வருஷம் இருந்தேன், அதனால் ஒன்று சொல்லாமல் போக முடியாது. காமத்துப்பாலில் ஒரு பெண் கண்ணுக்கு மை எழுத மாட்டேன் என்கிறாள். ஏனென்றால் காதலன் கண்ணுக்குள்ளேயே இருக்கிறானாம், எழுதும் நேரத்தில் மறைந்துவிடுவானாம். இன்னொரு குறளில் மை எழுதும் கோல் வருகிறது, எழுதும்போது கண்ணுக்கு அந்தக் கோல் தெரியாதாம். கண்ணாடி முன்னால் நின்று மை இழுத்தவளைப் பக்கத்தில் பார்த்தவருக்குத்தான் இதெல்லாம் எழுத வரும். எந்தக் கம்பெனிக்காரன் போய் வள்ளுவர் தலையில் கட்டினான்?

தஞ்சாவூர்ப் பெண்ணே, உன் மாமியார் கேட்டதை நானும் என் மருமகளிடம் கேட்டிருக்கிறேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இரவு_ஷிஃப்ட்

பாட்டிக்கு ஒரு கும்பிடு.

"வெறும் முகம்தான் அழகு" என்று சொல்பவர்களிடம் ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். அவர்களுக்குப் பிடித்த "மேக்கப்பே போடாத" நடிகையின் படம் ஒன்றைக் கேளுங்கள். அனுப்பும் படத்தில் புருவம் நிரப்பியிருக்கும், இமைக்கு மஸ்காரா இருக்கும், உதட்டில் உதட்டு நிறத்திலேயே லிப்ஸ்டிக் இருக்கும். தெரியாத மாதிரி போடுவதற்குத்தான் நேரமும் காசும் அதிகம் ஆகும்.

என் கதை தலைகீழ். நான் எதுவும் போடுவதில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது, சோம்பேறித்தனம்தான், அப்புறம் கண்ணைக் கசக்கும் பழக்கம். ஒருநாள் அக்கா கல்யாணத்துக்குப் போட்ட மை மறுநாளும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அப்படியே ஆபீஸ் போனேன், "இன்னிக்கு ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க" என்றார்கள். அது போன அடுத்த நாளிலிருந்து "உடம்பு சரியில்லையா? தூங்கலையா?" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். இது என் முகம் அய்யா, பிறந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் மீட்டிங் இருந்தால் மேனேஜர் "கொஞ்சம் பிரசென்டபிளா வாங்க" என்று எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புகிறார். பக்கத்து சீட்டில் மூன்று நாள் தாடியோடு இருக்கும் ஆளுக்கு அந்தச் செய்தி போகவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போட்டால் யாருக்காக, போடாவிட்டால் என்ன ஆச்சு. தஞ்சாவூர் அக்கா கேட்டதற்கு என் பதில்: மேக்கப் போட்ட பெண்ணைப் பார்த்தால் இவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்றுதான் எனக்கு முதலில் ஓடும்.

கடைசி_பெஞ்ச்

இதெல்லாம் ஒரு விவாதமா? வேறு வேலை இல்லையா?

நிர்வாகி

கடைசி_பெஞ்ச், படிக்க விருப்பமில்லை என்றால் நகர்ந்து போகலாம். எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள், தெரிந்த பெண்களின் படங்களைப் போட்டு "இது ஓவர்தானே" என்று கேட்காதீர்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மதுரை_அலங்காரம்

பதினோரு வருஷமாகப் பொண்ணு அலங்காரம் செய்கிறேன். முகூர்த்தம் நாலரை ஆறு என்றால் நான் மண்டபத்தில் இருக்க வேண்டியது ராத்திரி ஒரு மணிக்கு. அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது, நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெறும்முகம் சாருக்கு: போட்டோவில் ஒரு முகம் நேரில் ஒரு முகம் என்கிறீர்களே, அதை யார் கேட்கிறார்கள் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் பெரும்பாலும் கேட்பதில்லை. பின்னால் நிற்கும் அம்மா, அத்தை, சில சமயம் மாப்பிள்ளையின் அக்கா. "கொஞ்சம் கலரா எடுத்துக் காட்டுங்க" என்பார்கள். பெண் அருமையான மாநிறமாக இருப்பாள், களையான முகமாக இருக்கும், கன்னத்துக்குக் கொஞ்சம் செம்மை கொடுத்து, கண்ணைத் தூக்கி விட்டாலே போதும். நான் அவள் நிறத்துக்குப் பொருந்தும் எஃப்எஸ் 45 என்ற ஃபவுண்டேஷன் நிறத்தை எடுத்தால் பின்னாலிருந்து "இன்னும் வெளுப்பா இல்லையா?" என்று குரல் வரும். இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் என்ன ஆகும்? மாநிறத்துக்கு மேல் வெளிர் நிறத்தைப் பூசினால் வெள்ளையாகத் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி தெரியும். கழுத்து ஒரு நிறம், காது ஒரு நிறம், கை ஒரு நிறம். வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் முகம் மட்டும் தனியாக மிதக்கும். அப்புறம் ஆல்பம் வந்ததும் "மேக்கப்காரி கெடுத்துட்டா" என்பார்கள். அந்தப் பேச்சை வாங்கியிருக்கிறேன், முதல் மூன்று வருஷம் நிறையவே.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பெண்ணை மட்டும் தனியாக வரச்சொல்லி, தாடைக்குக் கீழே மூன்று நிறத்தில் கோடு இழுத்து, வாசலுக்குக் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உன் நிறம் என்று சொல்வேன். போன தை மாதம் ஒரு பெண், எம்.எஸ்ஸி. படித்தவள், கோடு மறைந்ததைப் பார்த்துவிட்டு "இந்த நிறத்துக்கெல்லாம் பாட்டில் வருதா அக்கா?" என்று கேட்டாள். அதுவரை அவள் கடையில் வாங்கியதெல்லாம் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த வெளிர் நிறம்தான். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

ஆரஞ்சு கரெக்டரைக் கண்ணுக்கடியில் தட்டி, மேலே தன் நிறத்தை மெல்லிசாகப் பரப்பினால் கருவளையம் போய்விடும், தோல் தோலாகவே இருக்கும். ஹோமப் புகையில் கண்ணில் தண்ணீர் வரும், தாரை வார்க்கும்போது அழுகை வரும், எல்லாவற்றையும் தாங்கும். இது மறைப்பு என்றால் புடவைக்கு மடிப்பு எடுப்பதும் மறைப்புதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கற்றுக்கொள்ளப் போன காலத்தில் சினிமாவில் சேர ஆசைப்பட்டேன். "பொம்பளைன்னா ஹேர் மட்டும் பண்ணலாம், முகம் ஆம்பளைங்கதான்" என்றார்கள். விளையாட்டு என்று நினைத்தேன். நிஜமாகவே மும்பைத் திரை ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்தில் பல பத்தாண்டுகளாக அப்படி விதி இருந்து, சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. பெண் பூசிக்கொள்ளலாம், அடுத்தவருக்குப் பூசிவிட்டுக் காசு வாங்க மட்டும் கூடாது. தீர்ப்பு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி, கையில் குழந்தை, மதுரையை விட்டு நகர முடியாது. சரி, அது வேறு கதை.

மூன்றாம்_மாடி

நான் துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறேன், எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் காலையில் வரிசையில் நிறுத்தி முகம் பார்ப்பார்கள். பவுடர், மை, லிப்ஸ்டிக், தலையில் பூ, எல்லாம் இருக்க வேண்டும். லிப்ஸ்டிக் இல்லாவிட்டால் சூப்பர்வைசர் அக்கா பொதுக்குச்சி ஒன்று வைத்திருப்பார், எல்லாரும் அதையே போட வேண்டும். ஒருத்திக்கு உதட்டில் கொப்புளம் வந்து அடுத்த வாரம் ஆறு பேருக்கு வந்தது. வாங்கும் செலவு நம்முடையது, சம்பளத்தில் தனியாக எதுவும் கிடையாது.

2021-ல் கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் மாடியிலும் நாலு ஸ்டூல் வந்தது, இப்போது அதன்மேல் புடவை அட்டைப்பெட்டி இருக்கிறது. உதட்டுக்குச் சட்டம் எப்போது வரும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

தஞ்சாவூர் அக்காவுக்கு ஆசைப்பட்டுப் போட்ட லிப்ஸ்டிக்கைத் துடைக்க வேண்டி வந்தது. எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு விடுதிக்கு வந்து துடைக்கும்போதுதான் மூச்சு வருகிறது. லீவு நாளில் மை கூட வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று, பொய் சொல்லக்கூடாது. ஊருக்குப் போகும்போது பஸ் ஏறுவதற்கு முன்னால் அதே லிப்ஸ்டிக்கைப் போட்டுக்கொண்டுதான் போவேன். சம்பாதிக்கிற பெண் மாதிரி இருக்கும்.

வெறும்முகம்

எல்லாவற்றையும் படித்தேன். கொஞ்சம் அடி வாங்கிய மாதிரிதான் இருக்கிறது. அந்தத் துணிக்கடைத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு "எதையோ மறைக்கிறார்கள்" என்று சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. காலேஜ் ஹாஸ்டலில் நான் சிகப்பழகு கிரீம் போட்டவன். 2005-ல் ஆண்களுக்கென்றே தனியாக விற்க ஆரம்பித்தார்கள், அதற்கு முன்னால் அக்காவுடையதைத் திருடித்தான் போட வேண்டும். ட்யூபை ஷூவுக்குள் ஒளித்து வைப்பேன். மழித்த முகத்தில் போட்டால் எரியும், அது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருஷம் போட்டும் நிறம் அதேதான், அறைத்தோழனுக்குத் தெரிந்து பட்டப்பெயர் மட்டும் மிச்சம். என்ன பட்டப்பெயர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அப்பிக்கொள்வது எனக்குப் பிடிக்காதுதான். அது ரசனை. ரசனைக்குக் கூடவா மன்னிப்புக் கேட்க வேண்டும்?

இரவு_ஷிஃப்ட்

ரசனை இருக்கட்டும் சார். உங்களுக்குப் பாகற்காய் பிடிக்காது என்றால் சாப்பிடாமல் இருப்பீர்கள். பக்கத்து இலைக்காரரிடம் போய் "இதை யாருக்காகச் சாப்பிடுறீங்க" என்று கேட்பீர்களா?

தோல்பிரிவு

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேக்கப் கெடுதல் என்று பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பொறுப்பாக வாங்கி, ராத்திரி கழுவிவிட்டுப் படுத்தால் லிப்ஸ்டிக்கும் மையும் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. எங்களிடம் வரும் முகங்கள் பெரும்பாலும் மேக்கப்பால் கெட்டவை இல்லை, "வெளுக்க" போட்டதால் கெட்டவை.

மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கி முகத்தில் தேய்ப்பார்கள். யாரோ ஒரு அக்கா சொன்னார் என்று ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் கோடு கோடாகத் தெரிந்து, பரு, முகத்தில் முடி. நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, அதனால் திரும்பவும் போடுவார்கள். 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தார்கள், இருந்தும் சீட்டு இல்லாமல் வாங்கியதாகச் சொல்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள்.

அதைவிட மோசம், லேபிளில் தயாரிப்பவர் முகவரி இல்லாத கிரீம். பாதரசம் இருக்கும். தோல் கருமைக்கான நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் வெளுக்கும், ஆனால் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் உட்காரும். 2023-ல் கேரளாவில் மலப்புரம் பக்கம், இப்படிக் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது பெரிய செய்தியானது. முகத்துக்குப் போட்டது கிட்னிக்கு எப்படிப் போகும் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

"இயற்கை" கட்சிக்கும் ஒரு வார்த்தை. ஒட்டும் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனத்தால் நெற்றி நடுவில் வெள்ளைத் தழும்பு விழுந்து வருபவர்கள் உண்டு. அதை யாரும் மேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. தழும்பு தெரியக்கூடாது என்று அதன் மேலேயே இன்னும் பெரிய பொட்டு ஒட்டிக்கொண்டு வருவார்கள்.

கூத்துக்கொட்டகை

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம், அப்பா தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். திரௌபதி கட்டினால் சாயங்காலமே உட்கார்ந்துவிடுவார். தேங்காயெண்ணெய் தடவி, முத்துவெள்ளை, அதற்கு மேல் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புக் கோடு காதுவரைக்கும், உதட்டுக்குச் சிவப்பு. மேக்கப்புக்கே நம் ஊரில் அரிதாரம் என்றுதானே பெயர். உண்மையில் அரிதாரம் என்பது ஒரு மஞ்சள் கல், ஆர்சனிக் கலந்தது, விஷம். அந்தக் காலத்தில் அதை அரைத்துப் பூசித்தான் ஆடியிருக்கிறார்கள்.

துகில் உரியும் இடத்தில் ஊரே அழும். விடியும்போது கிழவிகள் வந்து அப்பா காலில் விழுவார்கள். எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பார். அவரிடம் ஒருத்தரும் "யாருக்காகப் போட்டே" என்று கேட்டதில்லை. ஒருநாள் அம்மா அவருடைய வேஷப்பெட்டியிலிருந்து கொஞ்சம் உதட்டுச் சிவப்பை எடுத்துப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துவிட்டார். தஞ்சாவூர்ப் பதிவைப் படித்ததும் அந்தத் துடைப்புதான் ஞாபகம் வந்தது, இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

பதினொன்றாம்_வகுப்பு_அப்பா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மகள் பள்ளிக்கு ஐலைனர் போட்டுக்கொண்டு போய், பிரேயரில் எல்லார் முன்னாலும் கர்சீப்பால் துடைக்க வைத்திருக்கிறார்கள். பள்ளியில் விதி இருப்பது தப்பென்று சொல்ல மாட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அழுதாள், என் மனைவி "உனக்கு எதுக்கு அது" என்று இன்னும் நாலு போட்டாள். எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் டிவி பார்த்தேன். அதைத்தான் தப்பாகச் செய்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

தஞ்சாவூர்_தட்டு

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கூத்துக்கொட்டகை எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் பூசினேன், பொட்டு பெரிதாகவே வைத்தேன், லிப்ஸ்டிக்கும் போட்டேன். அத்தை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சாம்பாரில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார், குறைவாகத்தான் இருந்தது. ஆபீஸில் அதே ஆள் அதே சிரிப்போடு "இன்னிக்கும் யாரோ வராங்களா மேடம்?" என்றார். "ஆமா சார், ஆடிட்டர் வராரு, உங்க பயணப்படி வவுச்சரைப் பாக்கணுமாம்" என்றேன். பாட்டி இதை எந்தக் குறளில் சேர்ப்பீர்களோ தெரியாது. மாலைவரை துடைக்கவில்லை. டீ குடித்ததில் பாதி போய்விட்டது, மீதி தானாகவே போனது.

கணவரிடம் அந்த "ஏதோ மாதிரி" என்னவென்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "பழகல, அவ்வளவுதான்" என்றார். அதுவரைக்கும் சரி.

பாட்டிம்மா, சாந்து வீட்டில் காய்ச்சுவோம் என்றீர்களே, எப்படி? தோல்பிரிவு எழுதியதைப் படித்ததிலிருந்து ஒட்டும் பொட்டைத் தொடவே பயமாக இருக்கிறது, எனக்கும் நடுவில் லேசாக அரிக்கிறது.

பாட்டி_1957

அரித்தால் முதலில் டாக்டரைப் பார், என் சாந்து அப்புறம்.

ஒரு கைப்பிடி ஜவ்வரிசி. இரும்பு வாணலியில் போட்டு, அடுப்பைச் சிறிதாக வைத்து வறு. பழுப்பாகும், புகையும், பயந்து இறக்கிவிடாதே, உருகிக் கரிக்கட்டியாக ஆகும்வரை வறு. ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் உன் மாமியார் விசேஷம் கேட்பார். அப்புறம் எட்டி நின்று ஒரு டம்ளர் தண்ணீர் விடு, சீறும். கட்டி கரைந்து குழம்புப் பதம் வரும்வரை கொதிக்க விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சுத்தமாகத் தேய்த்த கொட்டாங்குச்சியில் ஊற்றி வெயிலில் வை. நாலைந்து நாளில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டும்போது விரலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு உரசினால் கறுப்பு வரும்.

மதுரை_அலங்காரம்

அம்மா, கொட்டாங்குச்சியில் பூஞ்சை வராதா? மழைக்காலத்தில் நான் செய்தது வெள்ளையாகப் பூத்துவிட்டது.

பாட்டி_1957

மழைக்காலத்தில் யார் காய்ச்சச் சொன்னது? சித்திரையில் செய்.